இலவச இணையப் படிப்பு: குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது?

பட்டப்படிப்பு முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. நகையை அடகு வைத்தாவது பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் இங்கே அதிகம். வடசேரியிலிருந்து களியக்காவிளை வரை சாலையோரத்தில் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகள் வரிசை கட்டி நிற்பதற்கு அதுதான் காரணம். இன்னொரு பக்கம், உலகின் பெரிய பல்கலைக்கழகங்களின் பாடமெல்லாம் போனிலேயே காசில்லாமல் கிடைக்கிறது என்று பிள்ளை சொல்கிறது. எதை நம்புவது என்று ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வந்த கையோடு பெற்றோர் வந்து கேட்கிறார்கள். கல்லூரியில் பாடம் எடுப்பதோடு, மாணவர்களை இணையப் பாடங்களில் சேர்த்துவிட்டு அவர்களைப் பின்தொடர்வதும் என் வேலை. அதனால் அந்தக் கேள்விக்கு ஒரே இடத்தில் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல்முறையாக இணையத்தில் படிக்கப்போகும் பிள்ளைக்கு, மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் ஒன்று போதும். அதையும் தனியாகப் படிக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோர்சேரா, எட்எக்ஸ் போன்ற வெளிநாட்டுத் தளங்கள் அதற்கு அடுத்தபடி. பணம் கட்டிச் சேரும் பயிற்சி நிலையம், எதிரில் ஒருவர் இருந்து கற்றுத்தந்தால்தான் வரும் என்ற படிப்புகளுக்கு மட்டும். தரத்தை வைத்து இந்த வரிசையைப் போடவில்லை. தரம் என்று பார்த்தால் வெளிநாட்டுத் தளங்களில் உள்ள சில பாடங்களை மிஞ்ச முடியாது. தொடங்கிய பிள்ளை எங்கே முடிக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

வெளிநாட்டுத் தளங்கள் கொடுத்த நம்பிக்கை சாதாரணமானதல்ல. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளை எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் திறந்துவிடப் போவதாக 2001இல் அறிவித்தது. 2011இல் அங்குள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் நடத்தியபோது சுமார் 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். மறு ஆண்டே ஆண்ட்ரூ இங்கும் டாஃப்னி கோலரும் கோர்சேராவைத் தொடங்கினார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து எட்எக்ஸைத் தொடங்கின. எட்எக்ஸுக்குத் தலைமை ஏற்ற அனந்த் அகர்வால் சென்னை ஐஐடியில் படித்தவர். அவர் நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 1,55,000 பேர். தேறியவர்கள் ஏறத்தாழ 7,000 பேர்.

அவர்களில் முழு மதிப்பெண் பெற்ற ஒருவன் மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் இருந்த 15 வயதுப் பள்ளி மாணவன் பத்துஷிக் மியாங்கன்பயார். உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் அவனைப் பற்றி எழுதின. எங்கோ ஒரு மூலையில் இருக்கும் பிள்ளைக்கும் எம்ஐடி வாசல் திறந்துவிட்டது என்பதற்கு அவனே சாட்சி என்றார்கள். அது உண்மைதான், அந்தப் பையன் பிறகு எம்ஐடியிலேயே சேர்ந்து படித்தான். ஆனால் கதையில் பலரும் தாண்டிப் போகும் ஒரு பகுதி உண்டு. அவன் படித்த பள்ளியின் முதல்வர் எம்ஐடியில் பட்டம் பெற்றவர். அந்தப் பாடத்தைப் பள்ளி மாணவர் குழு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான். ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மாணவர் அங்கே வந்து தங்கி, மின்சுற்றுக் கருவிகளை அவர்கள் கையில் கொடுத்துச் செய்யவும் வைத்தார். பையனின் திறமை பெரிது. அவன் பக்கத்தில் ஆள் இருந்ததும் பெரிது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது பாதியை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஏனென்றால் தனியாக விடப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எட்எக்ஸில் எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய பாடங்களின் 2012 முதல் 2018 வரையிலான தரவுகளை ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருய்பெரெஸ்-வாலியெந்தேயும் ஆராய்ந்து 2019இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18இல் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் 100க்கு 3 பேர்தான் முடித்திருக்கிறார்கள். சான்றிதழ் வேண்டும் என்று பணம் கட்டியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 100க்கு 46 பேர். பணம் கட்டியதால்தான் முடித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. முடிக்கும் உறுதி உள்ளவர்களே பணம் கட்டியும் இருக்கலாம். ஆனால் ஏதோ ஒன்றைப் பணயம் வைத்தவர் எழுந்து போய்விடுவதில்லை என்பது வகுப்பில் நான் கண்கூடாகப் பார்ப்பது.

இந்தப் பாடங்களால் யார் பயன்பெறுகிறார்கள் என்ற கேள்விக்கும் ஆரம்பத்திலேயே பதில் வந்துவிட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கோர்சேராவில் நடத்திய பாடங்களில் சேர்ந்தவர்களிடம் 2013இல் எடுத்த கணக்கில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்கெனவே கல்லூரிப் பட்டம் வைத்திருந்தார்கள். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், கணக்கில் பின்தங்கிய மாணவர்களுக்கு உடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து இணையப் பாடம் நடத்திப் பார்த்தது. வகுப்பறையில் படித்தவர்களைவிட மிகக் குறைவானவர்களே தேறியதால் சில மாதங்களிலேயே நிறுத்திவைத்தார்கள். ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவனுக்கு இலவசப் படிப்பு மேலும் கொடுக்கிறது. படிக்கும் பழக்கம் இன்னும் அமையாதவனுக்கு அது மட்டும் போதுவதில்லை.

இலவசம் என்பதும் அன்றைக்கு இருந்தது போல இன்றைக்கு இல்லை. கோர்சேரா, எட்எக்ஸ் இரண்டிலும் பெரும்பாலான பாடங்களில் காணொளி பார்ப்பதற்கு மட்டும்தான் காசில்லை, அதுவும் ஒரு வரம்பு வரைதான். மதிப்பெண் போடும் பயிற்சிகளும் சான்றிதழும் பணம் கட்டியவர்களுக்கே. கோர்சேராவில் கட்டணச் சலுகை கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பித் தர வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளை அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. தளங்களின் நிலையும் நிலையானதல்ல. எட்எக்ஸை 2021இல் டூ-யூ என்ற நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கியது. அதே நிறுவனம் 2024இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2014 ஜனவரியில் அமெரிக்கப் பொருளாதாரத் தடையைக் காரணம் காட்டி ஈரான், கியூபா, சூடான் நாட்டு மாணவர்களைக் கோர்சேரா தன் பாடங்களிலிருந்து வெளியே நிறுத்த வேண்டியதாயிற்று. உலகத்துக்கே திறந்த வாசல் என்றாலும் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது என்பிடெல். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து மத்திய அரசின் நிதியில் 2003இல் தொடங்கிய திட்டம் இது. முதலில் பாடக் காணொளிகள் மட்டும் இருந்தன. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் வந்தன. 2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பொறியியல், அறிவியல் பாடங்களுக்கு என்பிடெல்தான் பொறுப்பு. பாடங்கள் 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என மூன்று அளவில் வரும். சேரக் காசில்லை, வாரப் பயிற்சிகளும் இலவசம், மதிப்பெண்ணும் வரும். தேர்வு எழுத விரும்பினால் மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு அதில் பாதி.

அதன் அமைப்பை உற்றுப் பார்த்தால்தான் நான் ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்பது புரியும். ஒவ்வொரு வாரமும் ஒரு பயிற்சி உண்டு. அதைக் குறிப்பிட்ட நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். பெரும்பாலும் புதன்கிழமை இரவோடு கெடு முடியும். 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த 8 பயிற்சிகளின் சராசரி மட்டும் 25 மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படும். காய்ச்சல், கல்யாணம், திருவிழா என்று ஓரிரு வாரம் தவறினாலும் குடி முழுகிப் போகாது. மீதி 75 மதிப்பெண்ணுக்குக் கண்காணிப்பாளர் இருக்கும் தேர்வு மையத்தில், நேரில் போய் உட்கார்ந்து எழுத வேண்டும். சான்றிதழ் வாங்கப் பயிற்சியில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். வீட்டில் உட்கார்ந்து யாரோ எழுதிக் கொடுத்த சான்றிதழ் இது இல்லை என்பது வேலை கொடுப்பவருக்கும் தெரியும். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிப்படி, ஒரு பருவத்தில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து அதன் மதிப்பை பட்டத்தில் சேர்த்துக்கொள்ளக் கல்லூரி அனுமதிக்கலாம். உங்கள் கல்லூரி எவ்வளவு அனுமதிக்கிறது என்று சேருவதற்கு முன்பே எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. பல பேராசிரியர்கள் கரும்பலகை முன் நின்று நடத்தும் அதே வேகத்தில், அதே குரலில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். கோர்சேராவின் ஆறு நிமிடக் காணொளிகளுக்குப் பழகிய கண்ணுக்கு இது சோதனைதான். கேள்வி கேட்கும் பகுதியில் பதில் வர நாளாகும். தேர்வு பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. ஆங்கிலம் இங்கேயும் தடைதான். ஆனால் பல பாடங்களின் உரை தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பதிவிறக்கம் செய்துகொள்ளக் கிடைக்கிறது. அந்த உரையை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு காணொளி பார்த்தால் பாதிச் சுமை குறையும்.

கருங்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி இதைப் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். அம்மா முந்திரி ஆலையில் வேலை. அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவுடையது. அவர் விடியுமுன் போய், பால் எடுத்து, ஷீட் அடித்து, முற்பகலில்தான் திரும்புவார். அதற்குப் பிறகு மாலை வரை போன் அவள் கையில். பைதான் என்ற கணினி நிரல்மொழிப் பாடம் எடுத்திருந்தாள். நோட்டின் இடது பக்கத்தில் நிரல் வரிகளை ஆங்கிலத்தில் எழுதுவாள். வலது பக்கத்தில் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தமிழில். போன் இல்லாத காலை நேரத்தில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு, விடை என்ன வரும் என்று மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து ஓரத்தில் பென்சிலால் குறிப்பாள். மாலையில் பக்கத்து வீட்டில் இருந்த பழைய மடிக்கணினியில் அதைத் தட்டி, பென்சில் விடை சரியா என்று பார்ப்பாள். அந்த வீட்டு அண்ணன் வளைகுடாவுக்குப் போகும்போது விட்டுப்போன கணினி அது. அந்த வீட்டுத் தங்கையும் இன்னொரு தோழியும் அதே பாடத்தில் சேர்ந்தார்கள். மூவரும் ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்ப் படிப்பகத்தில் உட்கார்ந்து அந்த வாரப் பயிற்சியைப் பேசித் தீர்ப்பார்கள். ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் புதன் இரவில் எதுவும் நடக்காது என்று தெரிந்து, எல்லாவற்றையும் செவ்வாய் மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று அவர்களே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். மூவரும் தேர்வு எழுதினார்கள், மூவரும் தேறினார்கள். இவர்களில் யாராவது ஒருத்தி தனியாகச் சேர்ந்திருந்தால் நான்காம் வாரத்தைத் தாண்டியிருப்பாளா என்பது எனக்குச் சந்தேகமே.

தமிழிலேயே படிக்க வேண்டும் என்பவர்களுக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் நல்ல தொடக்கம். சுமார் பத்து நிமிடப் பாடங்கள். திரையில் மென்பொருள் ஓடும், விளக்கம் தமிழ்க் குரலில் வரும். கொஞ்சம் கேட்டு, நிறுத்தி, தன் கணினியில் அதைச் செய்து பார்த்து மேலே போக வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்டவை. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், சி, பைதான் போன்றவற்றில் கை பழக இது போதும். ஆழமாகப் போக இது போதாது. யூடியூபில் தமிழில் நன்றாகச் சொல்லித்தருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் எதற்கு அடுத்து எது என்ற வரிசையைப் பிள்ளையே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிதாகப் படிப்பவருக்கு அது முடியாத வேலை. ஒரு பாடத்தில் புரியாத இடத்தைத் தெளிவாக்கிக்கொள்ள மட்டும் அதைப் பயன்படுத்தச் சொல்லுவேன். இன்னும் கல்லூரியில் இருப்பவர்கள், 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் துறைக்கு என்ன வந்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அதைக் கல்லூரியே நடத்தித் தரும்.

பணம் கட்டும் பயிற்சி நிலையங்களை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. குறித்த நேரம், எதிரில் ஓர் ஆசிரியர், கூடப் படிக்கும் நாலு பேர் என்று இலவசப் பாடத்தில் இல்லாத மூன்றும் அங்கே இருக்கின்றன. மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் தினமும் பஸ் ஏறிப் போய்வருவதே சிலருக்குப் படிப்பை ஒழுங்குபடுத்திவிடும். ஜெர்மனிக்குப் போக நினைக்கும் செவிலியர் நம் மாவட்டத்தில் நிறைய. அங்கே செவிலியராகப் பதிவு பெறப் பொதுவாக பி2 எனப்படும், நடுநிலைக்கு மேற்பட்ட ஜெர்மன் மொழித் தேர்ச்சி கேட்கிறார்கள். பேசிப் பேசித் திருத்திக்கொள்ள வேண்டிய மொழியைக் காணொளி பார்த்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. அதற்குக் காசு கொடுத்து நல்ல வகுப்பில் சேர்வதே சரி. கணினி வன்பொருள், ஏசி பழுதுபார்ப்பு போன்ற கைத்தொழில்களும் அப்படித்தான்.

ஆனால் பைதான், தரவு ஆய்வு, இணையதள வடிவமைப்பு என்று பல ஆயிரம் ரூபாய் கேட்கும் இடத்தில், கட்டுவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கி என்பிடெல் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பகுதி ஒன்றாக இருந்தால் அந்தப் பணம் ஆசிரியருக்கும் நேரத்துக்கும் கொடுக்கும் பணம். அப்படியானால் ஆசிரியர் யார் என்று பார்க்க வேண்டும். ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து கேட்க விடுங்கள் என்று கேளுங்கள். ஆளுக்கொரு கணினி தருகிறார்களா, சென்ற ஆண்டு படித்த யாரிடமாவது பேச முடியுமா என்றும் கேளுங்கள். முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கேட்டு, நூறு சதவீதம் வேலை உறுதி என்று பேசுகிற இடத்தில் என் சொந்தக்காரர் பிள்ளையாக இருந்தால் நான் சேர்க்க மாட்டேன். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் டெக்னோபார்க்கின் மென்பொருள் நிறுவனங்களில் வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழைப் பார்த்துவிட்டு, நீ என்ன செய்திருக்கிறாய் என்றுதான் கேட்கிறார்கள். பிள்ளை தானே எழுதிய ஒரு சிறு நிரலைக் காட்டி, இதை ஏன் இப்படி எழுதினேன் என்று விளக்கத் தெரிந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும். அதை எங்கே படித்தால் என்ன?

வெளிநாட்டுத் தளங்களுக்கு எப்போது போவது? என்பிடெல்லில் ஒரு பாடத்தையாவது தேர்வு வரை முடித்த பிறகு. அப்போது பிள்ளைக்குத் தன்னால் எவ்வளவு நேரம் உட்கார முடியும், எந்த வேகத்தில் ஆங்கிலம் புரிகிறது என்பது தெரிந்துவிடும். சான்றிதழை விட்டுவிட்டு, கற்றுக்கொள்ளவேண்டிய ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துப் போனால், அங்கே கிடைப்பது புதையல். என்பிடெல் பாடம் ஒன்றை முடித்துவிட்டு, கோர்சேராவில் ஆண்ட்ரூ இங்கின் இயந்திரக் கற்றல் பாடத்தைக் கேட்ட மாணவர்கள், கல்லூரியில் இரண்டு பருவமாகப் புரியாத கணக்கு அங்கே புரிந்தது என்று என்னிடம் சொன்னபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு பக்கத்துக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சிக்னல் வரும் இடத்தைத் தேடிப் போய்க் காணொளி பார்க்க முடியாது. குலசேகரம் வரும் நாளில் அந்த வாரப் பாடங்களை மொத்தமாகப் பதிவிறக்கிக்கொண்டு போகலாம். என்பிடெல் அதற்கு வழி வைத்திருக்கிறது. பயிற்சிக் கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போய், விடையைக் குறித்து வைத்து, அடுத்த முறை கீழே இறங்கும்போது அனுப்பலாம். இதற்கு நூலகங்கள் கைகொடுக்க வேண்டும். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வாரத்தில் ஒரு மாலையாவது இணையப் பாட மாணவர்களுக்கென்று ஒரு மேசையும் வைஃபையும் ஒதுக்கித் தந்தால், பல லட்சம் செலவில் நடத்தும் எந்த முகாமைவிடவும் அது பயன்படும். ஆலயங்களின் சமூகநலக்கூடங்களும் வாரநாட்களில் பூட்டித்தான் கிடக்கின்றன.

என்பிடெல் பாடங்கள் ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்து, பயிற்சிகளை எல்லாம் நன்றாக எழுதியும் தேர்வு எழுத முடியாமல் போகிற பிள்ளைகள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள். தேர்வுப் பதிவு பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். அந்தத் தேதியைச் சேர்ந்த அன்றே பார்த்து, வீட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டுவிடுங்கள். பதிவின்போது தேர்வு எழுத விரும்பும் ஊர்களை வரிசைப்படுத்திக் கேட்பார்கள். நாகர்கோவில், திருநெல்வேலி, திருவனந்தபுரம் இவற்றில் எது அந்தப் பருவப் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்து, கூடப் படிக்கும் மூவரும் ஒரே வரிசையில் கொடுங்கள். காலைத் தேர்வென்றால் விடியற்காலை பஸ்ஸில் சேர்ந்தே போய்விடலாம்.